ஆறு முறை எழுதிய 'நலம்'

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. மருந்தில்லாமல், பேச வைத்தே மனநோயைக் குணப்படுத்த முடியுமா என்று மலாக்காவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். தமிழ் நோயாளிகள் சொல்வதை மொழிபெயர்த்து எழுதுவது என் வேலை.

யாரோ கதவைத் தட்டி அழைத்துப்போன கணவர் பிணமாகத் திரும்பியதிலிருந்து அந்த நோயாளிகளில் ஒருவரான மாரியம்மா அக்காவுக்குத் தூக்கமில்லை. சிகிச்சை தொடங்கியபின் ஆறு வாரமும் "நல்லாருக்கேன் தொரை" என்றார். ஆறு முறையும் 'நலம்' என்று எழுதினேன்.

கடைசித் தாளில் கைநாட்டு வாங்க, காஜா பேராங் பகுதியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பட்டப்பகல். பதிலில்லை. என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். உள்ளே கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த அம்மிக்கல் நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அக்கா கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

"நல்லாருக்கேன்னு சொன்னீங்களேக்கா?"

"தொரை கேட்டா வேற என்னாத்த சொல்றது, தம்பி? எஸ்டேட்டுல அப்படித்தான பழக்கம்?"

எனக்குத் தெரியாததா? நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான்.

மறுநாள் டாக்டர் பேனாவைத் திறந்தார். "குணமாகிவிட்டது என்று முடித்துவிடலாமா?"

'சரிங்க தொரை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை. நான் எழுதிய ஆறும் தப்பு" என்றேன்.

ஒரு துரையிடம் 'இல்லை' என்று அதுவரை என் குடும்பத்தில் யாருமே சொன்னதில்லை.