வரப்பின் பரப்பளவு

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் வயலாக இருக்கும் ஊர். நானோ நாகப்பட்டினத்துக்காரி. கடற்கரை மணலில் ஓடச் சொன்னால் ஓடுவேன். ஒரு முழ அகல மண்மேட்டில் நடக்கப் பழகியவள் அல்ல. புடவையெல்லாம் சேறாக வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

“கடக்கரைப் பொண்ணுக்கு எதுக்கும்மா வயக்காடு? நீ பள்ளிக்கூடத்தப் பாரு” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த வீட்டில் எல்லோர் பேச்சும் வயலைப் பற்றியே இருக்கும். தண்ணீர் வந்ததா, களை எடுத்தாயிற்றா, நாற்று எப்படி இருக்கிறது. சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. நான் மட்டும் விருந்தாளி மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அதில் ஒரு கணக்கு உண்டு. செவ்வகமாக ஒரு பூங்கா, அதைச் சுற்றி நடைபாதை, பாதையின் பரப்பளவு என்ன? வெளிச்செவ்வகத்தின் பரப்பிலிருந்து உள்செவ்வகத்தின் பரப்பைக் கழித்தால் விடை. சுலபம்தான். ஆனால் பாதை இரண்டு பக்கமும் ஓடுவதால் அதன் அகலத்தைப் பூங்காவின் நீளத்தோடும் அகலத்தோடும் இரண்டிரண்டு முறை கூட்ட வேண்டும். வருஷா வருஷம் பாதி வகுப்பு ஒரு முறை மட்டும் கூட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் “ரெண்டு பக்கமும்! ரெண்டு பக்கமும்!” என்று கத்துவேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த வருஷம் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், நம்ம ஊர்ல பூங்காவே இல்லையே?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஜன்னலுக்கு வெளியே குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. “வயலப் பூங்கான்னு வச்சுக்க, வரப்பப் பாதைன்னு வச்சுக்க” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. அப்படியானால் வரப்புக்கும் பரப்பளவு உண்டு!

எங்கள் வீட்டில் யாரும் வரப்பை ஓர் இடமாக நினைத்ததே இல்லை. அது நடந்து போகிற வழி, அவ்வளவுதான். ஒவ்வொரு நடவுக்கு முன்பும் வரப்பின் ஓரங்களை மண்வெட்டியால் சீவி ஒழுங்கு செய்வார்கள். மாமா கொஞ்சம் கூடுதலாகவே சீவச் சொல்வார். இன்னும் ஒரு வரிசை நாற்று நடலாமே என்ற ஆசை.

அன்று சாயங்காலம் போய்க் கேட்டேன். “மாமா, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற வயலச் சுத்தி இருக்கற வரப்ப எனக்குக் குடுங்க. உளுந்து போடப் போறேன்.”

“வரப்புதானே, எடுத்துக்க. பட்டாவும் எழுதித் தரணுமா?” மறுபடி அதே சிரிப்பு.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நாத்தனார் முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. “வளைகாப்புக்கு வடை என் உளுந்துலதான். கடை உளுந்து ஒண்ணுகூடச் சேரக் கூடாது” என்றேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“வர்றவங்க எல்லாருக்கும் காணுமா?” என்று மாமியார் உள்ளிருந்து கேட்டார்.

“எல்லாருக்கும், அத்தை.”

வடையா முக்கியம்? இந்த வீட்டு மண்ணில் எனக்கும் ஒரு கை இருக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை வீறாப்பும்.

கணவர் டேப்பைப் பிடிக்க, நான் அளந்தேன். நாற்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், வரப்பு அரை மீட்டர். விதைக்கடைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே மனக்கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டே முக்கால் சதுர மீட்டர். அதற்கு எவ்வளவு விதை என்று கேட்டு வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குச்சியால் குழி போட்டு, குழிக்கு இரண்டு விதையாக ஊன்றினேன். விழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒரு நீளப் பக்கம் முடிந்தது, ஓர் அகலப் பக்கம் முடிந்தது, மூலைக்கு வந்தேன், பை காலி. கடைக்காரர் எடையில் ஏமாற்றிவிட்டார் என்று அந்த நல்ல மனிதரை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

மறுநாள் வகுப்பில் அதே பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். அழகாகப் படம் வரைந்தாள். அகலத்தை ஒரே ஒரு முறை கூட்டினாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், “ரெண்டு பக்க...” சட்டென்று நேற்றைய மூலை ஞாபகம் வந்தது. சாக்பீஸை வாங்கி, அவள் விடை படத்தில் எவ்வளவு இடத்தை மூடும் என்று தீட்டிப் பார்த்தேன். ஒரு நீளப் பக்கம், ஓர் அகலப் பக்கம், நடுவில் ஒரு மூலை. என் வரப்பேதான்! பஸ்ஸில் நானும் ஒரு முறைதான் கூட்டியிருக்கிறேன். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் வகுப்பு மொத்தமும் மேசையைத் தட்டிச் சிரித்தது. பக்கத்து வகுப்புக் கதவு இந்த முறை திறந்தது.

கடையில் விதை தீர்ந்துவிட்டது. அடுத்த லாட் வந்து ஊன்றினால் வளைகாப்புக்குள் முற்றாது. வீட்டில் இருந்ததோ தோல் நீக்கிய உளுந்து, அது முளைக்காது. மாமா வயலைச் சுற்றி வந்து, “ஏம்மா, அந்த ரெண்டு வரப்பும் உங்கூடப் பேச மாட்டேங்குதா?” என்று கேட்டார். கணக்குத் தப்பை நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் மாமாவிடம் போட்டு உடைத்துவிட்டாள். அப்புறம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதுதான் கதை.

ஆனால் அந்த இரண்டு பக்கமும் என்ன செழிப்பு! பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வரப்புக்குத்தான் போவேன். மஞ்சள் பூ பூத்தது, காய் பிடித்தது, புரட்டாசிக் கடைசியில் காய்கள் கறுத்துச் சடசடத்தன. என் கையாலேயே பறித்துக் காயவைத்துத் தட்டிப் புடைத்தேன். இரண்டு படிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கறுப்பு மணிகளில் கையை விட்டு அளைந்தபோது அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

வளைகாப்பன்று கூடம் நிறைந்து வாசல் வரை ஆட்கள். ஊறவைத்துத் தோல் கழுவி அரைத்த மாவை அத்தை ஒரு பார்வை பார்த்தார். “பாதிப் பேருக்குத்தாம்மா காணும்” என்று சொல்லி, அலமாரியிலிருந்து கடை உளுந்து மாவு ஒரு குண்டானை எடுத்தார். எனக்குத் தெரியாமல் தனியாக அரைத்து வைத்திருந்தார். கோபமில்லை, அழுகைதான் வந்தது. இலையில் தட்டிய வடையில் அவர் விரலை வைத்து ஓட்டை போடுவதைப் பார்த்தேன். வெளியே ஒரு வட்டம், உள்ளே ஒரு வட்டம்.

“அத்தை, அத உள்ளயே வைங்க.”

கையை நனைத்துக்கொண்டு, வடையின் வெளி அளவை அப்படியே விட்டு, ஓட்டைக்குள் விரலைச் சுழற்றி அகலமாக்கினேன். இன்னும் கொஞ்சம். எண்ணெயில் போட்டதும் பொன்னிறத்தில் ஒரு வளையமாக உப்பி வந்தது.

“என்னம்மா இது, வளையலா சுடற?”

“வளைகாப்புதானே அத்தை!”

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குண்டானை மூடிவிட்டு அவரும் அப்படியே தட்ட ஆரம்பித்தார். கை நிறையக் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் ஒரு வடையை விரலில் மாட்டிக்கொண்டு, “அண்ணி போட்ட வளையல்” என்று எல்லோருக்கும் காட்டினாள். மாமா ஒன்றைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “டீச்சர் தெரியறாங்க, வடையத்தான் காணோம்!” பந்தியே குலுங்கியது. ஆனால் கடைசி இலை வரை வடை போயிற்று. எல்லாம் என் உளுந்து.

அடுத்த வாரம் தாளடி நடவுக்கு ஆட்கள் வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்வயலில் ஒருவர் வரப்பைச் சீவ மண்வெட்டியை ஓங்கியதும் மாமா குரல் கொடுத்தார்.

“அத ரொம்பச் சீவாதீங்க. அது எங்க மருமவ நெலம்.”

“எந்தப் பக்கங்க, உளுந்து இருந்த பக்கமா?”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“நாலு பக்கமும்” என்றார்.