தூளிக்கு அடியில் ஒரு கால்

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அதில் அம்மா பட்ட பாட்டை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலுக்கு ஊரில் இருந்த மரியாதைதான். காலால் பிறந்த பிள்ளை முதுகில் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று ஆரம்பாக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். நாற்று நட்டு இடுப்புப் பிடித்தவர்கள், மூட்டை தூக்கி மூச்சுப் பிடித்தவர்கள், கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் வேலை முடித்து ரயிலில் நின்றே வந்து முதுகு விறைத்தவர்கள் என்று யார் யாரோ எங்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய டாக்டரம்மா தோரணையில், காலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துவிடுவேன். கமர்கட்டோ கடலை உருண்டையோ கிடைக்கும். கணக்கில் எனக்கு முட்டைதான். ஆனால் முட்டை போட்ட வாத்தியாரே ஒருமுறை பிடித்துக்கொண்ட முதுகோடு என்னைத் தேடி வந்திருக்கிறார். அதற்கப்புறம் நான் யாருக்கு அடங்குவேன்?

அந்த வருஷம் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அக்கா வீடுதானே தாய்வீடு. ஆண் பிள்ளை பிறந்தான். லட்சணமாகத்தான் இருந்தான். ஆனால் தூக்கம் என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதை அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. தூளியில் போட்டால் நெளிவான், மடியில் போட்டால் வளைவான், தோளில் போட்டால் விரால் மீன் மாதிரி நழுவுவான். கண்ணை மூடிவிட்டானே என்று நம்பிக் கையை எடுத்தால் அவ்வளவுதான், வீடு ரெண்டுபடும். சின்னம்மா பாவம், சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்து தூங்கி விழுவாள்.

இந்த விஷயம் வேப்பம்பட்டில் இருந்த அவள் மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. பிள்ளையைப் பார்க்க வந்துபோன சின்னம்மாவின் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். அக்காவுக்கும் தெரியவில்லை, தங்கைக்கும் தெரியவில்லை, இப்படியா பிள்ளை வளர்ப்பார்கள், வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், அப்போதும் அழுதுகொண்டிருந்தால் தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று மாமியார் சொல்லியனுப்பினார். ஐந்தாம் மாதம் அனுப்புவதாகத்தான் பேச்சு. பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை. சேதி வந்ததிலிருந்து சின்னம்மா பிள்ளையை மடியைவிட்டு இறக்க மனமில்லாமல் திரிந்தாள். எனக்கோ ஆத்திரமாக வந்தது. தம்பி தங்கை இல்லாத எனக்கு இப்போதுதான் கொஞ்ச ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறான். அவனை யாரோ ரயிலேறி வந்து தூக்கிக்கொண்டு போவதா?

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது. யாரோ ஏறுமாறாகத் தூக்கியதில் கழுத்திலோ முதுகிலோ பிடித்துக்கொண்டது, அதனால்தான் இந்த நெளி நெளிகிறான். உடனே ஒரு பழைய நூல்புடவையை விரித்து நடுவில் பிள்ளையைக் கிடத்தினார்கள். ஒரு பக்கத்தை அம்மாவும் மறுபக்கத்தைச் சின்னம்மாவும் பிடித்துக்கொண்டு, அவனை இங்கும் அங்குமாக மெதுவாக உருட்டினார்கள். உரம் எடுத்த பிள்ளை ஒரு பாட்டம் அழுதுவிட்டு அசந்து தூங்கவேண்டும். இவன் அழவில்லை. கெக்கெக்கே என்று சிரித்தான். உருட்டுவதை நிறுத்தியபிறகுதான் அழுதான்.

வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு சித்தப்பா, என் நைனாவின் தம்பி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கால்ல பொறந்த டாக்டரு ஊட்லயே கீது. அதை வுட்டுட்டு இன்னாத்துக்குப் பொடவையப் புடிச்சி இஸ்துக்கினு கீறீங்க?” என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. என் காலைக் கழுவி மஞ்சள் பூசினாள். சின்னம்மா பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள். நான் சாமி கும்பிட்டுவிட்டு, கட்டைவிரல் மட்டும் படும்படி அவன் முதுகில் காலை வைத்து எடுத்தேன். அவன் சட்டென்று அடங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷம் கழுத்தைத் திருப்பி என் காலை ஒரு பார்வை பார்த்தான், பார்த்துவிட்டு ஊரே கூடும்படி வீறிட்டான். சித்தப்பா வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரெல்லாம் சுளுக்கு எடுத்த காலுக்குச் சொந்த வீட்டில் இந்த கதியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் வரும்போது இப்படிப் பரட்டைத் தலையோடா நிற்பாய் என்று அம்மா சின்னம்மாவைக் கிணற்றடிக்கு விரட்டினாள். பிள்ளையைத் தூளியில் போட்டு என்னை ஆட்டச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு இருந்த கோபத்தில் நின்று ஆட்டவா முடியும்? தரையில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கித் தூளியின் அடியில் ஓர் உதை விட்டேன். தூளி ஆடியது, அவனும் நெளிந்தான். நெளி ராசா, நன்றாக நெளி, உன்னால் என் மானமே போயிற்று என்று திட்டிக்கொண்டே, திரும்பி வந்த தூளியை ஆட்டாமல் உள்ளங்காலால் முட்டுக்கொடுத்து அப்படியே நிறுத்திவிட்டேன்.

அவன் முதுகு புடவைத் துணியோடு என் உள்ளங்காலில் வந்து உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு தடவை துள்ளினான். பிறகு முதுகை என் காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். அழுகை விம்மலாகி, விம்மல் பெருமூச்சாகி, சத்தமே நின்றுபோயிற்று. காலை லேசாக எடுத்துப் பார்த்தேன். உடனே ஒரு நெளி. திரும்ப வைத்தேன். அடங்கினான். இனி இந்த வீடே இடிந்து விழுந்தாலும் காலை எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கால் மரத்து, எறும்பு ஊறுவது போல ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பகல் பாசஞ்சர் ஊதிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் மாமியார் ஒரு கையில் பையும் மறுகையில் இடுப்புமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உள்ளே வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பேரன் இல்லை, என் கால்தான். ஈரத் தலையோடு ஓடிவந்து நின்ற சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னாடி இது, பச்சப் புள்ளைய காலால ஒதச்சிக்கினு கீறா?”

சின்னம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மாதான் கரண்டியோடு வந்து நிதானமாகப் பதில் சொன்னாள்.

“ஒதைக்கல அத்தை. அவ கால்ல பொறந்த பொண்ணு. அவ காலு பட்டாத்தான் புள்ள தூங்கறான்.”

அம்மா என்னவோ தினமும் பார்ப்பவள் மாதிரி சொன்னாள். அவளுக்கே அது அந்த நிமிஷம்தான் தெரியும். மாமியார் தூளியை விலக்கிப் பார்த்தார். பேரன் வாயைத் திறந்துகொண்டு, அப்படி ஒரு தூக்கம். பிறகு என் பக்கம் குனியப் பார்த்து, முடியாமல் நிமிர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“ரயில்ல குந்திக்கினு வந்தது, இடுப்பு புடிச்சிக்கினு வுடமாட்டேங்குது. கொஞ்சம் மிதிச்சி வுடேன் கண்ணு.”

எழுந்தால் பிள்ளை விழித்துக்கொள்வான், இந்தக் கால் வராது, வேண்டுமானால் அந்தக் கால் இருக்கிறது என்றேன். அம்மா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். மாமியார் பையை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தார். இடது காலில் பேரனையும் வலது காலில் மாமியாரையும் வைத்துக்கொண்டு, நான் மல்லாந்தபடியே அவர் இடுப்பை நீவிவிட்டேன். எல்லோரையும் மிரட்ட வந்த மனுஷி ‘அம்மாடி, அம்மாடி’ என்று முனகினார். சித்தப்பா வாசலில் வந்து எட்டிப் பார்த்தவர், அப்படியே பின்வாங்கினார். அதற்குப் பிறகு அவர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டபோதெல்லாம் சிரித்ததே இல்லை.

மாமியார் எழுந்து இடுப்பை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“எங்க ஊட்ல இந்த மாதிரி காலுக்கு எங்க போறது? அஞ்சாம் மாசம் வரைக்கும் புள்ள இங்கயே கெடக்கட்டும்.”

சாயங்கால ரயிலுக்கு அவர் தனியாகத்தான் போனார். நான் ஜெயித்துவிட்டேன். அம்மா என்னைத் தூக்கிச் சுற்றுவாள், சின்னம்மா ஊரெல்லாம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சின்னம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மரத்துப்போன காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். திடீரென்று குனிந்து அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளங்கால் ஈரமாயிற்று. இவ்வளவு சக்தியுள்ள காலுக்கு இது தகும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை என்னை முன்னாலேயே கூப்பிட வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே அங்கேயே தரையில் சாய்ந்தாள். பிள்ளை விழித்து அழுதபோதும் அவளுக்குத் தெரியவில்லை. எழுப்பப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள், பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கத்தானே இத்தனை பாடு, இவள் என்னடாவென்றால் அவன் அழ அழத் தூங்குகிறாளே என்று முணுமுணுத்தேன். வேப்பம்பட்டு வீட்டில் சின்னம்மா எந்நேரம் கழித்துப் படுத்தாள், எந்த இருட்டில் எழுந்தாள், எந்த மிச்சத்தைத் தின்றாள் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் கால் மட்டும்தான் தெரிந்திருந்தது.