கம்ப்யூட்டருக்குள் இருந்த படம்

நீளமாக மூன்று முறை கத்திவிட்டு அடங்கும் அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றும், "பீப்" கேட்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அப்பா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் வீட்டில் சரியான படமே இல்லை என்பது தெரிந்தது. வேலை அட்டையில் பாதி முகத்தை முத்திரை மறைத்திருந்தது. கல்யாணப் படத்தில் இருந்த ஒல்லிப் பையனை எனக்கும் அக்காவுக்கும் அடையாளமே தெரியவில்லை. பொங்கலுக்கு வந்த சித்தப்பா டிஜிட்டல் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவிலிருந்து அழித்துவிட்ட படம் ஒன்றுதான் மிச்சம்.

வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியைக் கடையில் விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கலாம் என்றார். அம்மா தரவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "உங்க நைனா மூஞ்சி அதுக்குள்ள கீதுன்னு சொன்னல்ல, நீயே எடுத்துக் குடு" என்றாள். அழுகையோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. ரேஷன் கடைக்குப் போய்வரச் சொல்வது போல இருந்தது.

மூன்று முறை கத்தினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரி கார்டில் அழுக்கு என்று அக்காவுக்கு சென்டரில் சொன்னார்களாம். மத்தியானம் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். துணி காயப்போட்டால் துறைமுகத்திலிருந்து பறந்து வந்து படியுமே, அதே நிலக்கரித் தூசு உள்ளே விரல் கனத்துக்கு இருந்தது. அரைச் சாண் நீளக் கார்டைப் பிடுங்கி, என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த "லப்பரால்" அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். மறுபடி கத்தியது. இன்னொரு தடவை தேய்த்து, பக்கத்துப் பள்ளத்தில் சொருகினாள். இம்முறை சத்தமில்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நாங்கள் யாரும் சந்தோஷப்படவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தில் அப்பா கரும்பும் கையுமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்கு இந்தப் படமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா கேட்டாள். "வாய மூடிக்கினு ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

அம்மா, "சரி, சிரிச்சிக்கினே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொடியில் இருந்த துணியை எடுக்கப் போனாள்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது. அதற்குள் இருந்ததை வேறெங்கும் எடுத்துவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிரேம் போட்ட படம் வெயில் பட்டு வெளுத்து, முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை நீலம் என்கிறாள் அம்மா. அக்கா பச்சை என்கிறாள். எனக்கு நினைவில்லை.