ஆளுக்காக நின்ற கப்பல்

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் தந்தி வந்தது. மலாக்கா காஜா பெராங்கில் கோவிந்தராஜு அண்ணன் காலமாகிவிட்டார், மாலையில் தகனம் என்று அவருடைய மனைவி தெய்வானை அண்ணி கொடுக்கச் சொன்ன தந்தி. படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் சின்னக் கப்பல், பெரிய கப்பல் வழக்கு இன்னும் தீரவில்லையே, அதற்குள் இந்த மனிதருக்கு என்ன அவசரம்? பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர் முடிந்த பிறகு மலாக்கா ஆற்றோரத்தில் ஒரு சின்னக் கப்பல் கம்பெனி இருந்தது. அண்ணன் அங்கே பயணிகளை ஏற்றி அனுப்பும் பொறுப்பில் இருந்தார். அடுத்த மேசையில் கணக்கெழுதும் கிராணி நான். எங்கள் கப்பல் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பும். கோழிக்கூடை, பாய்ச்சுருட்டு, கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

கிளம்புமுன் மூன்று சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்குச் சாமான் ஏறும், இரண்டாவதற்கு ஆட்கள் ஏறுவார்கள், மூன்றாவதற்குக் கயிறு அவிழும். ஆனால் அண்ணன் தூக்கிய கையை இறக்காமல் மூன்றாவது சங்கு ஊதாது. ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு யாராவது வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடி வருவார்கள். "நில்லு, ஆள் வருது" என்பார் அண்ணன். கேட்டுக் கேட்டு, கப்பலை ஓட்டிய மலாய்க்காரச் செராங்கே அதைத் தமிழில் சொல்லப் பழகிவிட்டார்.

இனிமேல் பெரிய கப்பலுக்குத்தான் காலம் என்பது என் கட்சி. அதில் ஆஸ்பத்திரி உண்டு, சாப்பாட்டுக்கூடம் உண்டு, ஆயிரம் பேர் போகலாம் என்று தேநீரை ஆறவிட்டுக்கொண்டு அடுக்குவேன். அவர் அசரமாட்டார். "பெருசு நம்ம ஆத்துக்குள்ள வருமாப்பா? நாமதான் அதைத் தேடிப் போவணும். சின்னது நம்ம வாசலுக்கு வருது" என்பார். எத்தனை ஆண்டுகள் இதே சண்டை! ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கு அன்று பொழுதே போகாது.

மெர்டேகாவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்திய ஆண்டு நாகப்பட்டினத்தில் அண்ணியின் தகப்பனார் படுத்த படுக்கையானார். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து பெரிய கப்பலில் அண்ணியை அனுப்ப ஏற்பாடு. அன்று காலை எங்கள் கப்பலும் கிளம்ப வேண்டும். யாரோ ஒருவர் வரவில்லை என்று அண்ணன் கையைத் தூக்கியபடியே நின்றார். அதை அனுப்பிவிட்டுத்தான் டாக்சி ஏறினோம். பெரிய கப்பலைப் பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன்.

துறைமுகத்தை நெருங்கும்போது சங்கு கேட்டது, இன்னொன்றும் கேட்டது. அண்ணி பதறினார். அண்ணன் நிதானமாக, "பயப்படாதே தெய்வானை, இன்னும் ஒரு சங்கு இருக்கு" என்றார். அந்தக் கப்பலுக்கு அப்படி ஒரு வழக்கமே இல்லை. நாங்கள் இறங்கும்போது ஏணியைத் தூக்கிவிட்டார்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது. அண்ணன் ஓடிப்போய்க் கையைத் தூக்கினார். "நில்லு, ஆள் வருது!" அவ்வளவு உயரத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் அது நிற்கிற சாதியா?

அண்ணி தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த கப்பலில் அவர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து வீடு கழுவியாகிவிட்டது. அண்ணனை அவர் ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை. கடிந்திருக்கலாம், பாவம், அண்ணனுக்கு அது தேவலையாக இருந்திருக்கும். "கப்பல் மேல தப்பு இல்லப்பா. எல்லாம் நம்ம கப்பல் மாதிரின்னு நெனச்சேன் பாரு, அதான்" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மெர்டேகா வந்தது. பஸ்ஸும் லாரியும் பெருகின, சின்னக் கப்பலைத் தேட ஆளில்லை. கம்பெனியை மூடினார்கள். நான் சிங்கப்பூரில் பெரிய கப்பல் ஏஜென்சிக்குப் போனேன், அவரையும் வருந்திக் கூப்பிட்டேன். "ஆளை விட்டுட்டுப் போற வேலைக்கு நான் வரலப்பா" என்று சொல்லிவிட்டு, ஓர் அரிசிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். இப்போது எங்கள் அலுவலகத்திலேயே, இனி சனங்கள் விமானத்தில்தான் போவார்கள், பெரிய கப்பலுக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நாம் இரண்டு பேருமே தோற்றோம் அண்ணே என்று தீபாவளிக்குப் போய்ச் சொல்ல நினைத்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

தந்தி கண்டதும் பஸ் ஏறினேன். மூவார் ஆற்றில் படகுக்கு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கேயே பொழுது சாய்ந்துவிட்டது. இனிச் சாம்பலைத்தான் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே காஜா பெராங்கில் இறங்கினேன்.

வாசலில் கூட்டம் கலையவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றியிருந்தார்கள், ஆனால் வண்டி நகரவில்லை. அதன் முன்னால் அண்ணி கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். இருட்டப்போகிறது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். "நில்லுங்க, ஆள் வருது. முகம் பாக்காமப் போறது என்னான்னு எனக்குத் தெரியும்" என்று அவர் அசையவே இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வண்டியில் ஏறி முகத்தைப் பார்த்தேன். மாலையைச் சரிசெய்துவிட்டு இறங்கினேன். அண்ணி வழியைவிட்டு ஒதுங்கி, வண்டிக்காரரைப் பார்த்துத் தூக்கியிருந்த கையை இறக்கினார். வண்டி புறப்பட்டது.

போய் வாருங்கள், அண்ணே. எல்லாரும் ஏறியாயிற்று.