பாயிண்டுக்குச் சண்டை போட ஆளில்லை

பென்னாகரம் சாலையில் கிழங்கு மில் வைத்திருக்கும் சந்திரமோகனைக் கஞ்சன் என்பவர்கள் உண்டு. எதிரே பஞ்சர் கடை போட்டிருக்கும் என்னைக் கேட்டால், அவர் ஒரு சண்டைப் பிரியர். மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவோ, அந்தப் பாயிண்டைப் பார்த்துத்தான் விலை. கிழங்கைத் தண்ணீரில் அமுக்கி எடை பார்த்து அவர் ஒரு பாயிண்ட் சொன்னால், விவசாயி குப்புராஜ் அதற்கு மேல் சொல்வார். தராசையே திருகி வைத்திருப்பதாக ஏசுவார். வாய் வலிக்கக் கத்திவிட்டு இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். வருஷா வருஷம் இதே கூத்து.

தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு வணிக ஒப்பந்தம் வந்தது. வியட்நாம் மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. இங்கே கிழங்கு வாங்கி அரைப்பதைவிட அது மலிவு. சந்திரமோகனும் மெஷினை நிறுத்திவிட்டு, அந்த மாவையே பை மாற்றி விற்றார். ஆட்கள் ஓசூர் கம்பெனிகளுக்குப் போனார்கள். மூட்டையோடு எவன் பேசுவது? மத்தியானச் சோற்றுக்கு மனைவி பானுமதி கூப்பிட்டாலும் வீட்டுக்குப் போகமாட்டார். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து திரும்பிவிடுவார்களாம். யாரும் வரவில்லை. தனிமை மனிதரைத் தின்றது.

சுற்றுவட்டார மில்கள் எல்லாம் மூடியபிறகு, போன வருஷம் வெளிநாட்டு மாவின் விலை ஏறியது. வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் விடு என்றானாம் அந்த மாவை அனுப்பும் சேலத்து வியாபாரி. சந்திரமோகனுக்குக் கோபத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம். மெஷினுக்கு எண்ணெய் போட்டார். இனி கிழங்கு வரவேண்டும். அதோடு குப்புராஜ் வரவேண்டும்.

குப்புராஜ் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தாலும் ஒரு மூலையில் மரவள்ளி வைத்திருந்தார். டிராக்டரில் லோடு வந்தது. சந்திரமோகன் எடை பார்த்து, வேண்டுமென்றே இரண்டு பாயிண்ட் குறைத்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

குப்புராஜ் தராசைப் பார்க்கவே இல்லை.

"நீங்க சொன்னா செரிங்க."

"கொறச்சுத்தாங்க சொன்னேன். கேளுங்க," என்றார் சந்திரமோகன்.

"கேக்கறதுக்கு இன்னொரு மில்லு இருக்கணுங்க."

சொல்லிவிட்டு லோடை இறக்கப் போய்விட்டார். சந்திரமோகன் சரியான பாயிண்டுக்கே பணம் கொடுத்தார். குப்புராஜ் எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.