பாறணை அன்று வந்த வயிற்றுக்குத்து

சென்னையில் என் கணவருக்குத் தொடை இடுக்கால் மெல்லிய குழாய் விட்டு, நெஞ்சு இரத்தக் குழாயின் அடைப்பைப் பலூனால் விரித்தார்கள். எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்குத் திரும்பி இரண்டு கிழமையில் கந்தசஷ்டி வந்தது. அவர் நெஞ்சு சுகமானால் ஆறு நாளும் தண்ணீரோடு விரதம் பிடிக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். பிடித்தேன். ஏழாம் நாள் பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. விடிய முழுகி, சமைத்துப் படைத்து, இரண்டு பேரும் வாழையிலையில் சாப்பிட்டோம்.

கையலம்பப் போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"வடையைக் கண்டா நாக்கைக் கட்டத் தெரியாதே உங்களுக்கு?" என்று பாய்ந்தேன். என் வாய் அப்படி.

"ஒரு பிடிதானப்பா சாப்பிட்டனான்."

நான் நம்பவில்லை. ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். அதற்கும் நோ கேட்கவில்லை, மனிசன் வியர்த்துத் துடித்தார். பின்னேரம் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் டொக்டர் ஒருவர் அமத்திப் பார்த்தார். அவ்வளவு நோவுக்கும் வயிறு மெத்தென்றுதான் இருந்தது.

"முந்தி ஏதும் வருத்தம், வைத்தியம் இருந்ததோ அம்மா?"

காலையில்தான் நெஞ்சைச் சுகமாக்கித் தந்ததற்கு முருகனைக் கும்பிட்டு விரதம் முடித்திருந்தேன். அதே வாயால் இவர் நெஞ்சு வருத்தக்காரர் என்று சொன்னால், தந்ததை அவன் திருப்பி எடுத்துவிடுவான் என்று பயந்தேன்.

"ஒண்டுமில்லை, டொக்டர். பாறணைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை."

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரும், "ஓம்," என்றார்.

இரவு வாட்டில் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை பெரிய டொக்டர் வந்து இடுப்புச் சாரத்தை விலக்கினார். தொடை இடுக்கில் குழாய் விட்ட இடத்தில் நீலம்பாரித்த கண்டல் இன்னும் மாறாமல் இருந்தது.

"இதென்ன?"

எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டரின் முகம் கறுத்தது. குழாய் போன வழியில் இரத்தக் குழாயின் உள்ளே படிந்திருந்த கொழுப்பு பெயர்ந்து, குடலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம் என்றார். மிக அபூர்வமாம். ஆனால் நடக்குமாம். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்.

"நேற்றே ஏன் சொல்லேல்லை, ஐயா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"அவ ஆறு நாள் பச்சைத் தண்ணியோடை கிடந்தவ, டொக்டர். அவவின்ரை விரதம் வீணாப் போச்செண்டு ஆகக்கூடாதெண்டு பார்த்தன்."

ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். குடல் முழுக்கக் கறுத்துப் போயிருந்ததாம். அவர் பிறகு கண் திறக்கவில்லை.

முருகனோடு எனக்குக் கோபம் இல்லை. ஒரு வடைக்கு அவ்வளவு கத்தின வாய், அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லையே.