ஒன்றரைச் சுற்று வெட்டிய ஸ்பிரிங்

மெக்கானிக்கிடம் நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கார் என் கணவருடையது. எண்பதுகளில் வந்த மாடல், நீண்ட மூக்கும் அகலமான பின்சீட்டும் கொண்டது. ஆரணியில் அது போனால் காலேஜ் பையன்கள் போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். நம்ம நாட்டு மசில் கார் என்பார்கள். களம்பூரில் ஒரு அரிசி ஆலைக் கொட்டகையில் தவிட்டுத் தூசி மூடிக் கிடந்ததை அவர் வாங்கி வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குக் கிடைக்கவே மாட்டார். காருக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பைக்கில் போகும்போது மாடு குறுக்கே வந்ததில் விழுந்தார். முதுகெலும்பில் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். நடப்பார், ஆனால் வாக்கர் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலூருக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும். வாடகைக் கார்களில் முட்டியை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அவர் முகம் வெளுத்துவிடும். இந்தக் காரின் பின்சீட்டில் மட்டும்தான் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ள முடிந்தது. அதற்காகவே நாற்பத்து மூன்று வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் வண்டியின் சஸ்பென்ஷன் செத்துப்போயிருந்தது. வளைவில் தோணி மாதிரி சாயும். பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தொம்மென்று தரையில் விழுவது போல இருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் அவரைப் பார்ப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நான் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். ஒரு இழை தவறினாலும் முந்தானையில் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும். அளந்து பார்ப்பது எனக்குப் பழக்கம். டேப்பை வைத்து நான்கு சக்கரத்துக்கு மேலேயும் மட்கார்டு உயரத்தை அளந்தேன், அவர் ஏறாதபோது ஒருமுறை, ஏறி உட்கார்ந்த பிறகு ஒருமுறை. பின்னால் இடதுபுறம் இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது. ஒரு மாதம் முழுக்க, வேலை முடிந்த பிறகு பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எழுதுவதையெல்லாம் படித்தேன். சஸ்பென்ஷனைத் திருத்த இரண்டு வழி இருப்பது புரிந்தது. வண்டியைத் தாழ்த்தி, கெட்டியான ஸ்பிரிங் போட்டு, வளைவில் சாயாமல் பறக்க வைப்பது ஒரு வழி. வண்டி முதலில் வந்த உயரத்திலேயே நிறுத்தி, பள்ளத்தை ஸ்பிரிங்கே விழுங்கிக்கொள்ளும்படி செய்வது இன்னொரு வழி. எனக்கு வேண்டியது இரண்டாவது.

அதைத்தான் எழுதினேன். முன்னால் பழைய உயரத்துக்குப் புது காயில் ஸ்பிரிங். மிருதுவான ஷாக் அப்சார்பர். இரும்பு மூட்டுகளுக்கு நடுவே ரப்பர் புஷ்தான் வேண்டும், விளையாட்டு வண்டிகளுக்குப் போடும் சிவப்பு கெட்டி புஷ் வேண்டாம். பின்னால் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி வளைவை மட்டும் ஏற்ற வேண்டும், பட்டை கூட்டக் கூடாது.

மெக்கானிக் ஷெட் வேலூர் ரோட்டில் இருக்கிறது. நான் போய் நின்றதும் அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலிங்களா?"

"அவரால வர முடியாது. என்கிட்ட சொல்லுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பண்ணிடலாம்மா. சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு ஆரம்பிக்கிறேன்."

"கேக்க வேணாம். நான்தான் ஓட்டறேன். நான் சொன்னத பண்ணுங்க."

"சரிம்மா, சரி," என்றார். கடையில் அடம்பிடிக்கும் குழந்தையிடம் சொல்கிற சரி அது. அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆறாவது நாள் சனிக்கிழமை. சென்னையிலிருந்து வந்திருந்த என் கணவரின் தம்பி, தானே போய் வண்டியை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். மூக்கு தரையை முகர்வது போல இருந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இன்னா இது?" என்றேன்.

"சூப்பரா இல்ல அண்ணி? இப்பத்தான் ரோட்ட புடிச்சிகினு போவுது. நான்தான் தாழ்த்தச் சொன்னேன். நீங்க கேட்டதெல்லாம் டாக்சிக்குப் போடறது."

பிசியோதெரபிக்கு அன்று பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். சண்டை போட நேரமில்லை. மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று நினைத்து அவரை ஏற்றினேன். அது என் தப்பு.

கண்ணமங்கலம் வருவதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு அழிந்துபோயிருந்ததால் கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. பிரேக் போட்டுத்தான் ஏறினேன். முன்பக்கம் இரும்போடு இரும்பு இடித்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தவில்லை. யாரோ அவர் நெஞ்சிலிருந்து மூச்சை ஒரேயடியாகப் பிடுங்கியது மாதிரி இருந்தது.

ஓரம் கட்டி, இறங்கி, பின்கதவைத் திறந்தேன். சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"விடு. தம்பி ஆசப்பட்டு பண்ணிட்டான்," என்றார்.

நான் அங்கேயே அவர் தம்பிக்குப் போன் போட்டேன். இருபது வருடத்தில் அவரை வாங்க போங்க என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன். அன்று அந்த மரியாதை என் வாயில் வரவில்லை. "யாரக் கேட்டு இத பண்ண?" என்றேன். ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணனக் கேட்டுத்தான் அண்ணி," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"ஆமா," என்றார். "மெக்கானிக் போன் பண்ணான். தம்பி சொல்றாரு, தாழ்த்திக்கலாமான்னான். சரின்னு நான்தான் சொன்னேன்."

"ஏங்க?"

"நீ எழுதினத டேபிள் மேல பாத்தேன். எல்லாம் நான் படுத்துகினு வர்றதுக்கு எழுதியிருந்த. ஓட்டறவனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நான் இன்னொரு வாட்டி இத்த ஓட்டுவேன்னு உனக்குத் தோணவே இல்ல இல்ல?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது உண்மை. எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்காக நான் உருகிப்போகவில்லை. அவ்வளவு நேரம் தம்பி மேலும் மெக்கானிக் மேலும் இருந்த கோபம் அப்படியே இவர் மேல் திரும்பியது. தினமும் அவரைத் தூக்கி உட்காரவைப்பவள் நான். ஷூ மாட்டிவிடுபவள் நான். மெக்கானிக்கிடம் ஒரு நிமிடத்தில் சொன்னதை என்னிடம் சொல்ல அவருக்கு ஆறு நாளில் நேரம் கிடைக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ, ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத சொல்லுவ."

அதுவும் உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. காரைத் தம்பி வந்து வீட்டுக்கு எடுத்துப்போகட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் ஒன்றை வரவழைத்து அதில்தான் வேலூருக்குப் போனோம். பிளேட் நகரவில்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆனால் நான்கு நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் காரை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். முன் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னேன். புதுசு போட்டதாக பில்லில் எழுதியிருந்த இடத்தில் பழைய ஸ்பிரிங்தான் இருந்தது. மேல் முனை கருகியிருந்தது. கேஸ் கட்டரால் ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்திருக்கிறார்கள். பின்னால், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை செருகி வண்டியைத் தாழ்த்தியிருந்தார்கள்.

"சூடு காட்டினா ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"ஓடும்போது இது ஒடிஞ்சிருந்தா?"

"எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க. சார் சரின்னாரு. நீங்க பேஜாராயிகினு..."

"சார் வெட்டச் சொன்னாரா? தாழ்த்தச் சொன்னாரு. புதுசு போட்டேன்னு பில் குடுத்தது நீங்க. என் பேப்பர எடுங்க."

மேஜை டிராயரில், மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. அவர் முன்னாலேயே பிரித்து, முதல் வரியிலிருந்து அவரையே சத்தமாகப் படிக்க வைத்தேன். ஷெட்டில் இருந்த மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவமானப்படுத்துகிறோம் என்று தெரிந்துதான் செய்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

புது ஸ்பிரிங் சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆனது. வந்த அன்று காலையிலிருந்து மாலைவரை ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு புஷ்ஷையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மாட்டவிட்டேன். மாட்டி முடித்ததும் நானே டேப் வைத்து அளந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் என் கணவரிடம் ஒன்று கேட்டிருந்தேன். சமாதானமாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "ஓட்டறவருக்கு இன்னா வேணும், சொல்லுங்க," என்றேன். கொஞ்சம் யோசித்தார். முன்னால் இருக்கிற குறுக்குக் கம்பியைத் தடியானதாகப் போட்டால் வளைவில் சாய்வது குறையும், உயரமும் குறையாது என்றார். நான் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. போட்டோம்.

இப்போது வேலூர் போய்வரும்போது அவர் பாதி வழியில் தூங்கிவிடுகிறார். வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. கொழுந்தனார் பொங்கலுக்கு வந்து சாவி கேட்டார். கொடுக்கவில்லை. அவரிடம் திரும்ப நீங்க என்று பேசத் தொடங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் கணவரிடம் கோபம் போய்விட்டதா என்று என் தங்கை கேட்டாள். போகவில்லை. அவர் மறுபடி ஓட்ட ஆசைப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. அந்த ஆசையை எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்ததில்தான் கோபம். நான் தடுப்பேன் என்று முடிவே கட்டிவிட்டு, என்னிடம் கேட்காமலே என்னைத் தாண்டிப் போனார். ஒருவேளை தடுத்திருப்பேன். அதைச் சொல்லும் உரிமையாவது எனக்கு இருந்திருக்க வேண்டும்.